ஜெபின் வண்டியின் பின் பம்பர்

ஜனவரி 9, வியாழன்

தம்பி ஜெபின் ஜீப்புக்குப் பின் பம்பர் செய்து முடித்தேன். எட்டு எம்.எம். தகடு, நடுவில் கம்பி ரோப்பைச் சுற்றி இழுக்கிற வின்ச். சேற்றில் புதைந்த நெல் அறுப்பு மெஷின்களை இழுத்து எடுக்கிற தொழிலுக்காகவே தம்பி அந்தப் பழைய வண்டியை வாங்கினான். வின்ச் பின்னால்தான் வேண்டும் என்றான். ரிவர்ஸில் வயலோரம் போய் நிற்கலாம், வண்டி மூஞ்சி ரோட்டைப் பார்த்தே இருக்கும். யோசனை சரிதான்.

கடைசியாக வெல்டிங் அடித்தது இடது பிராக்கெட். பம்பரைச் சேஸிஸோடு பிடிப்பதே அதுதான். முந்தின நாள் மழையில் என் பட்டறைக் கூரை ஒழுகி வெல்டிங் ராடு பாக்கெட் நனைந்திருந்தது. காய வைக்க விடவில்லை அவன். ஞாயிற்றுக்கிழமை வண்டியை மந்திரிக்க ஃபாதரிடம் சொல்லியாகிவிட்டதாம். ராடு படபடவென்று வெடித்தது, வெல்டிங் முழுக்கப் பொடி ஓட்டை. மேலே இன்னொரு வரி ஓட்டி, கிரைண்டரில் வழித்து, கறுப்பு பெயின்ட் அடித்துவிட்டேன். பார்க்க அழகாக இருக்கிறது.

ஈர ராடைத் தொடாதே என்று ஐ.டி.ஐ.யில் முதல் வாரமே சொல்லித் தந்தார்களே. எங்கே போயிற்று புத்தி?

ஜனவரி 10

ஜெபினிடம் சொல்லிவிட இரண்டு முறை போனைக் கையில் எடுத்தேன். சொல்லவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

பூசை முடிந்து ஃபாதர் தீர்த்தம் தெளித்தார். பம்பருக்கு மல்லிகை மாலை. "எங்க அக்கா செல்வராணி கைவேலை ஃபாதர்"னு ஜெபின் எல்லாரிடமும் காட்டினான். நானும் ஈ என்று இளித்துக்கொண்டு நின்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவள்.

ஜனவரி 15

அம்மாவிடம் மட்டும் சொன்னேன். பிராக்கெட்டை அறுத்துப் பார்க்க வேண்டும் என்றேன்.

"மந்திரிச்ச வண்டியில கட்டர் வெப்பியா? மாதா பாத்துக்குவா, சும்மா இரு."

பயந்தாங்கொள்ளிக்கு இது போதாதா? சும்மா இருந்துவிட்டேன்.

ஜனவரி 17, வெள்ளி



காலையில் போன். "அக்கா, மொத வேலை வந்துட்டுது. பனமலை ஏரிக்குக் கீழ மெஷின் மாட்டிக்கினு இருக்குது." சரிடா என்று வைத்துவிட்டேன். சரியாம் சரி. பிராக்கெட் பிய்ந்தால் கம்பி ரோப் சாட்டை மாதிரி திரும்பி அடிக்கும். ரிமோட்டோடு பக்கத்தில் நிற்பவன் அவன்தான். ஸ்கூட்டியை எடுத்தேன்.

போனபோது ரோப் மாட்டியாகிவிட்டது, ஊரே வரப்பில் நின்றது. மெஷின் ஓனர் பொன்னுசாமி அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். நேராகப் போய் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"இழுக்காதே. ஈர ராடுல அடிச்சேன். பிராக்கெட் நிக்குமான்னு எனக்கே தெரியல."

யாரோ சிரித்தார்கள். ஜெபின் சிரிக்கவில்லை. "ஒரு வாரமா வூட்லதானே இருந்தேன்? இத்தினி பேரு முன்னாடிதான் சொல்லணுமா?"

அவன் கேட்டது நியாயம். ரோப்பைக் கழற்றினான். பொன்னுசாமி பொக்லைனுக்கு ஆள் அனுப்பினார்.

ஜனவரி 18

ஜீப்பைப் பட்டறை வாசலில் விட்டு, சாவியைப் படிக்கல்லில் வைத்துவிட்டுப் போய்விட்டான். அவனுக்கு வாங்கி வைத்த டீ ஆறிப்போனது.

அறுத்தேன். உள்ளே ஆப்பம் மாதிரி ஓட்டை ஓட்டை. ஓரத்தில் மயிரிழை விரிசல்கூட விழுந்திருந்தது, இன்னும் ஒரு முறைகூட இழுக்காமலே. தரையில் உட்கார்ந்து அழுதேன்.

ஜனவரி 20

ராடுகளைத் தகரத்தில் போட்டு அடுப்பில் வறுத்துக் காயவைத்து, இரண்டு பக்கமும் புதிதாக அடித்தேன். மண் லோடு டிப்பரை பிரேக் போட்டு நிறுத்தி மூன்று முறை வின்ச்சால் இழுத்துப் பார்த்தேன். பிராக்கெட் அசையவில்லை. இந்த முறை பெயின்ட் அடிக்கவில்லை. அவனே பார்க்கட்டும்.

ஜனவரி 22

பார்த்தான். டார்ச் அடித்து, கீழே படுத்து, நகத்தால் சுரண்டி. வண்டியை எடுத்துப் போனான்.

ஜனவரி 27, திங்கள்

மதியம் போன். பின்னால் ஒரே சத்தம், அவலூர்பேட்டைப் பக்கமாம்.

"அக்கா, ரோப்பு மாட்டிட்டேன். இழுக்கட்டுமா?"

ஒவ்வொரு வெல்டிங் வரியையும் மனசுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். "தள்ளி நின்னு இழு" என்றேன்.

மெஷின் கரையேறும்வரை அவன் போனை வைக்கவில்லை.