சானடோரியம் ஸ்டேஷனில் நாற்பது நிமிடம்

சிட்லபாக்கம்
9 ஆகஸ்ட், சனிக்கிழமை

அன்புள்ள ஹெப்சி அண்ணிக்கு,

சாராள் எழுதுவது. நீங்களும் அண்ணனும் பிள்ளைகளும் கர்த்தருடைய கிருபையால் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் உங்கள் அப்பாவைப் பற்றி. இடுப்பு எலும்பு முறியவில்லை. இன்று காலை 11.20க்கு எலும்பு டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு என்னிடமே சொன்னார். வியாழக்கிழமை எக்ஸ்ரேயைப் பார்த்துச் சந்தேகம் என்றவர் டியூட்டி டாக்டர், அதை விட்டுவிடலாம். இடது மணிக்கட்டில் மட்டும் மெல்லிய விரிசல். மாவுக்கட்டு மூன்று வாரம் இருக்க வேண்டும். மதியம் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். ரசம் சாதம் சாப்பிட்டார். இப்போது தூங்குகிறார்.

இவ்வளவையும் போனிலேயே சொல்லிவிட்டேன். மீதியைப் போனில் சொல்ல முடியவில்லை. ஹாலில் மாமா படுத்திருக்கிறார். குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டால் பதினேழு பேர் படிப்பார்கள். அதனால்தான் தபால்.

வியாழக்கிழமை நீங்கள் கேட்டீர்கள்: "சாரா, அஞ்சேகாலுக்கே கிளம்பிட்டன்னு ஆபீஸ்ல சொல்றாங்க. ரெண்டு வருஷமா அதான் டைமாம். அப்போ இவ்வளவு நாளா எங்கதான் போற?" நான் மாமாவுக்கு எக்ஸ்ரே எடுப்பதை மட்டும் சொன்னேன். நீங்கள் வைத்துவிட்டீர்கள். பதினாறு வருடமாக இன்சூரன்ஸ் ஆபீசில் விபத்துக் கோப்பு எழுதுகிறவள் நான். எத்தனை மணிக்கு, யார் சொன்னது என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம். இதையும் அப்படியே எழுதுகிறேன்.

வீட்டு வேலைக்கு வருகிற கிளியம்மாள் வழக்கம்போல மாமாவுக்கு டீ கொடுத்துவிட்டு ஆறு மணிக்குக் கிளம்பினாள். என் மகள் ஓவியா டியூஷனில் இருந்தாள். மாமா பாத்ரூமில் விழுந்தது 6.05 அளவில்; இது அவர் சொன்னது. போன் சட்டைப் பையில் இருந்தது. எனக்கு 6.07, 6.11, 6.19 என்று மூன்று முறை அடித்திருக்கிறார். பிறகு என் போனுக்கு வந்த மெசேஜில் நேரம் இருக்கிறது. உங்கள் தம்பிக்கும் அடித்திருக்கிறார். ஒரகடத்தில் அவர்கள் கம்பெனிக்குள் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். 6.24க்கு உங்களுக்கு. உங்களுக்கு அங்கே காலை ஒன்பது ஆகப்போகும் நேரம். எந்த ரோட்டில் காரை ஓரங்கட்டி என் ஆபீஸ் நம்பரைத் தேடினீர்களோ. நான் போனை ஆன் செய்தது 6.35. ஓடி வந்து கதவைத் திறந்தது 6.44. முப்பத்தொன்பது நிமிடம் அவர் ஈரத் தரையில் கிடந்தார்.

அந்த நேரம் நான் சானடோரியம் ஸ்டேஷனில், பிளாட்பாரத்தின் தெற்குக் கோடியில் இருக்கிற சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். தனியாகத்தான். போனை நானே அணைத்து வைத்திருந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஜூன் மாதம் ஆபீஸ் நேரத்தை மாற்றினார்கள். ஆறு மணிக்கு விடுவது ஐந்தேகாலானது. அன்றைக்கே வீட்டில் சொல்லத்தான் நினைத்தேன். 5.58க்கு வண்டியை விட்டு இறங்கி, செருப்பில் ஏறிய கல்லை எடுக்க அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தேன். பிறகு மணி பார்த்தபோது 6.35. தூங்கவில்லை. ஏதாவது யோசித்தேனா என்றால் அதுவும் இல்லை. 6.50க்கு வீட்டுக்குள் நுழைந்தேன். எப்போதும் வருகிற நேரம்தான், யாரும் எதுவும் கேட்கவில்லை. மறுநாளும் உட்கார்ந்தேன்.

அங்கே என்ன செய்வாய் என்று நீங்கள் கேட்கலாம். ஒன்றும் செய்வதில்லை. ஜெபம்கூடப் பண்ணுவதில்லை. வண்டி வரும், ஆட்கள் இறங்குவார்கள், வண்டி போகும். என் கை என் மடியில் இருப்பது தெரியும். காலை நாலே முக்காலுக்கு எழுந்ததிலிருந்து அந்த நேரத்தில்தான் என்னை யாரும் கூப்பிடுவதில்லை. அங்கே மல்லிகை விற்கிற அம்மா ஒரு நாள் கேட்டது: "இன்னாக்கா, தெனிக்கும் வந்து குந்திகினு கீற? வூட்ல எதுனா பேஜாரா?" இல்லை என்றேன். "அப்போ ஆபீஸ்ல பேஜாரா?" அதுவும் இல்லை என்றேன். "ரெண்டும் இல்லன்னா நல்லாத்தான் கீற, குந்து" என்று ஒரு முழம் பூவைக் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

போன மார்ச்சில் ஆபீசில் ஆரோக்கிய தினம் என்று ஒரு சின்னப் பெண்ணைப் பேசக் கூட்டி வந்தார்கள். தினம் அரை மணி நேரம் உங்களுக்கென்று ஒதுக்குங்கள் என்றாள். எங்கள் செக்‌ஷன் கீதா எழுந்து, "மேடம், அந்த அரை மணிய வீட்டுக்காரர்கிட்ட எப்படி வாங்குறதுன்னும் சொல்லிட்டுப் போங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் கேட்டு வாங்கவில்லை, எடுத்துக்கொண்டுவிட்டேன் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

பழைய நேரமாக இருந்தாலும் நான் 6.50க்குத்தானே வந்திருப்பேன் என்று இரண்டு நாளாகத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. அது உண்மைதான். ஆனால் போன் ஆனில் இருந்திருக்கும். அதனால் இதைச் சமாதானமாக எழுதவில்லை.

எதிர் வீட்டுக் கரீம் பாய்தான் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். எமர்ஜென்சியில் நர்ஸ், "இவ்ளோ நேரம் வீட்ல யாருமே இல்லையா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறக்கும் முன் மாமா சொன்னார்: "மருமக ட்ரெயின்ல வந்துட்டிருந்தாம்மா. பல்லாவரத்துக்கிட்ட டவர் கெடைக்காது." பல்லாவரத்தில் டவர் கிடைக்காமல் நான் பார்த்ததில்லை. மாமா அந்த லைனில் முப்பத்து நாலு வருடம் ரயில்வே கார்டாக ஓடியவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு சானடோரியம் வரும் என்று இன்றைக்கும் சத்தத்தை வைத்தே சொல்வார். தெரிந்துதான் சொன்னாரா என்று நான் கேட்டு உறுதி செய்துகொள்ளவில்லை.

உங்கள் தம்பி இரவு 9.50க்கு ஆஸ்பத்திரிக்கு வந்தார். நீங்கள் அவரிடம் எல்லாம் சொல்லிவிட்டதாகச் சொன்னீர்கள். என்னிடம் "சாப்டியா?" என்று மட்டும் கேட்டார். நேற்றுக் காலை நான் குளிக்க வீட்டுக்கு வந்தபோது அவரே டீ போட்டு என் பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போனார். எங்களுக்குக் கல்யாணமான பதினெட்டு வருடத்தில் அது முதல் தடவை. அதை என்னவென்று எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. டீ ஆறிய பிறகு குடித்தேன். அழுகை வரவில்லை அண்ணி. மாமாவைத் தரையில் பார்த்தபோதும் வரவில்லை. கல்நெஞ்சம் என்று நீங்கள் நினைத்தால் நான் மறுக்கப்போவதில்லை. ஓவியா பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கி வந்த அன்றும் எனக்கு இப்படித்தான் இருந்தது.

இனி போனை அணைக்க மாட்டேன். இது உறுதி. ஏழு மணி வரை இருக்க முடியுமா என்று கிளியம்மாளைக் கேட்டேன். "ஏழு வரிக்கும் நான் இங்க இருந்தா என் வூட்ல யாரு உலை வெக்கிறது? நீ வருவியா?" என்றாள். அவள் கேட்டது நியாயம்தான். தன் மகளைக் கேட்டுவிட்டுத் திங்கட்கிழமை சொல்கிறேன் என்றிருக்கிறாள். அவள் முடியாது என்றால் நான் நேராக வீட்டுக்கு வந்துவிடுவேன். முடியும் என்றால் 6.50க்குத்தான் வருவேன், இந்த முறை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட்டு. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

மன்னிப்பு கேட்பதற்காக இதை எழுதவில்லை. அப்பா உங்களுடையவர், நீங்கள் எவ்வளவு கோபப்பட்டாலும் நான் கேட்டுக்கொள்வேன். அந்தப் பெஞ்சை விட்டுவிடு என்று மட்டும் சொல்லாதீர்கள். நீங்கள் சொன்னால் விட்டுவிடுவேன். அதனால்தான் சொல்ல வேண்டாம் என்கிறேன்.

18ஆம் தேதி காலை பத்து மணிக்கு டாக்டரிடம் திரும்பக் காட்ட வேண்டும். தனியாக நடக்கலாமா என்று அன்றுதான் சொல்வார். கட்டுப் பிரிப்பது 30ஆம் தேதி. கிளியம்மாளின் பதில் நாளை மறுநாள். உங்கள் தம்பி என்னிடம் கேட்கவேண்டியதை எப்போது கேட்பார் என்று தெரியவில்லை.

கர்த்தர் உங்களைக் காப்பாராக. வேலைக்கு நடுவில் நேரத்துக்குச் சாப்பிடுங்கள், அண்ணி.

என்றும் உங்கள்
சாராள்