வாப்பாவின் டொக் டொக்

சங்கரன்கோவில்

அன்பு மகள் சபீனாவுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் காவலில் நான் இருக்கிறேன், ஷார்ஜாவில் நீயும் மருமகனும் குட்டி ஆலியாவும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். போனில் உன் குரலைக் கேட்டாலே அழுகை முந்திக்கொள்கிறது, அதனால்தான் கடிதம். என் தங்கச்சி மகன் ஃபாரூக் வெள்ளிக்கிழமை அங்கே திரும்புகிறான், "இந்தக் காலத்துல கடுதாசியா பெரியம்மா, வாட்ஸப்புல தட்டுனா ஆகாதா" என்று ஒரே கேலி. எனக்குத் தட்ட வராதுலே, பேசாமல் கொண்டுபோய்க் கொடு என்றேன்.

உன் வாப்பா மவுத்தாகிப் போனதிலிருந்து, புருஷனை இழந்தவள் இருக்கவேண்டிய இத்தாவில் வீட்டுக்குள்ளேயே இருக்கிறேன், இத்தா இருக்கிற பொம்பளை போனிலும் முகம் காட்டக்கூடாது என்று யாரோ சொன்னதை நம்பி, நீ கூப்பிட்டும் வீடியோவில் வராமலே இருந்துவிட்டேன். போன வாரம் பொறுக்கமாட்டாமல் வந்தேனே, பிள்ளை என்னைப் பார்த்ததும் உன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. நர்சிங் படிக்கிற பக்கத்து வீட்டு ரிஸானாவிடம் சொன்னேன், "பேத்திக்கு முகம் காட்டக்கூடாதுன்னு எந்தக் கிதாபுல இருக்கு மாமி, ஆலிம்சா கேட்டா சிரிப்பாவ" என்று ஏசிவிட்டு ஒரு விஷயம் சொன்னாள். பச்சைப் பிள்ளை மூளையில் கோடி கோடியாகச் செல் இருக்காம், ஒன்றோடொன்று தொடுத்துக்கொள்ளுமாம். ஒரு முகத்தையும் குரலையும் திரும்பத் திரும்பப் பார்த்துக் கேட்டால் அந்தத் தொடுப்பு பலப்படுமாம், விட்டுவிட்டால் மெலிந்து அற்றே போகுமாம். எனக்கு உடனே வாப்பா நினைப்புதான். பொழுது சாய்ந்து மஃரிபு தொழுதுவிட்டுப் போனில் நாக்கைத் தட்டி டொக் டொக் என்பாரே, பிள்ளை எங்கே இருந்தாலும் தவழ்ந்து வருமே, அந்தத் தொடுப்பும் மெலிந்துகொண்டிருக்குமோ? அவர் குரலைக் கேட்டால் தேடி அழுகிறாள் என்று அவர் போனில் பேசி அனுப்பினதையெல்லாம் நீ போடுவதில்லை என்கிறாய். உனக்கும் அழுகை வரும், தெரியும் மக்கா. ஆனாலும் போடு. தேடட்டும், தேடுகிறவரைக்கும் அவளுக்கு அவர் இருக்கிறார்.

இனி தினமும் மஃரிபு முடிந்து நான் வீடியோவில் வருவேன். அந்த டொக் டொக் சத்தம் எனக்குச் சரியாக வரவில்லை, அடுப்படியில் நின்று பழகுகிறேன், பாதி நேரம் எச்சில்தான் தெறிக்கிறது. வயசானவளுக்கும் புதுத் தொடுப்பு உண்டாகும், மெதுவாகத்தான் ஆகும் என்கிறாள் ரிஸானா. நேற்று ஒரு தடவை அப்படியே அவர் போடுவது போலவே வந்துவிட்டது. நானே திரும்பி வாசலைப் பார்த்தேன்.

பிள்ளைக்கு ஏசி காற்று நேராகப் படவிடாதே, நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. அல்லாஹ் உங்கள் மூன்று பேருக்கும் நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும். ஒன்று மறந்துவிடாதே, போனைக் கையில் பிடித்துப் பிள்ளைக்குக் காட்டாதே, தரையில் கொஞ்சம் தள்ளி வை. அவள் தவழ்ந்து வரட்டும்.

உன் உம்மா
மைமூனம்மாள்