துண்டைக் கடித்துக்கொண்டு படுத்தவன்

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பேனா பிடித்த கை தோளிலிருந்து விண்விண்ணென்று தெறிக்கிறது. பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டதா? தண்ணீர் மோட்டாரைப் பார்க்க ஆள் வந்தானா? போனையெல்லாம் கோச் வாங்கி வைத்துக்கொண்டார், அதனால்தான் கடிதம்.

பளுதூக்கும் முகாமில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. இங்கே ஒரு பிசியோ சார் இருக்கிறார். ஆள் ஒல்லிக்குச்சி, ஆனால் கட்டைவிரலை முதுகில் வைத்தால் எங்கள் எல்லோருக்கும் அப்பன். வந்த புதிதில் என் தொடையும் இடுப்பும் இறுகிப்போய், எடையோடு குந்தவே முடியவில்லை. தினமும் அழுத்தி, நீவி, இழுத்துவிட்டார். இப்போது முழுசாகக் குந்தி எழுகிறேன். தூக்கமும் நன்றாக வருகிறது.

வம்பும் அங்கேதான். அழுத்தும்போது நாம் எங்கே துள்ளுகிறோம் என்று பார்த்துத்தான் அவர் காயத்தைக் கண்டுபிடிப்பார். கோச்சிடம் சொல்வார். கோச் போட்டியிலிருந்து தூக்கிவிடுவார். அதனால் நாங்கள் எல்லோரும் வாயில் துண்டைக் கடித்துக்கொண்டுதான் அந்த மேசையில் குப்புறப் படுப்போம். போன வாரம் எடை தூக்கும்போது என் வலது தோளுக்குள் துணி கிழிகிற மாதிரி ஏதோ ஆனது. அன்றைக்கும் கடித்தேன். சரியாக அந்த இடத்திலேயே அழுத்தினார். உயிர் போய் உயிர் வந்தது, நான் அசையவில்லை. வலிக்குதா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். சுகமா இருக்கு சார் என்றேன். பாவம், நம்பி, இவனுக்கு ஒன்றுமில்லை என்று கோச்சிடம் சொல்லிவிட்டார்.

கோச்சுக்குத் தலைகால் புரியவில்லை. இதுவரை நான் தொடாத எடையைப் போட்டியில் தூக்கப்போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். வாசலில் என் படம் வேறு! இன்று காலை எனக்குச் சட்டை மாட்டிவிட்டதே பக்கத்துக் கட்டில்காரன்தான். இவ்வளவு பெரிய உடம்புக்குள் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். தூக்கினால் கை போய்விடும். சொன்னால், பயந்துட்டான் என்பார்கள். ஆமாம், பயமாகத்தான் இருக்கிறது. உன்னிடம் எழுத வருகிறது, அவர்களிடம் சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது.

இது கிடைத்ததும் கோச்சுக்கு போன் போட்டு, என் புருஷனை உடனே அனுப்புங்க என்று சண்டை பிடி. காரணம் எதுவானாலும் சரி. நானாக வந்தால் ஓடி வந்தவன். நீ கூப்பிட்டு வந்தால் பெண்டாட்டி பேச்சைக் கேட்கிறவன், அந்தக் கேலியைத் தாங்கிக்கொள்வேன். பாப்பாவை இரண்டு கையாலும் தூக்க வேண்டும். கூப்பிடு.

உன்
மூட்டை