பெட்டிக்குள் அடங்காத எஞ்சின்

சேரப்பணஞ்சேரி,
20-10-1991.

என் அன்பானவருக்கு, மெர்சி ஸ்தோத்திரத்தோடு எழுதுவது. நானும் அத்தையும் சுகம். செங்கோட்டைப் பக்கம் நல்ல மழை என்று ரேடியோவில் சொன்னார்கள். மலையேற்றம் முழுக்க எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போட்டுவிட்டு, வியர்த்த உடம்போடு மழையில் நிற்காதீர்கள்.

வேலையை விட்டுவிட்டுக் கிறிஸ்துமஸுக்குள் உங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்து சேரும்படி எழுதியிருந்தீர்கள். பதில் கடைசியில். முதலில் பட்டறையில் நடந்ததைக் கேளுங்கள்.

மறைமலை நகரில் இருக்கும் எங்கள் தகரப் பட்டறைக்கு ஒரு கண்காட்சி ஆர்டர் வந்தது. நூறு வருஷத்தில் சரக்கு ரயில் எஞ்சின் எப்படி மாறியது என்று காட்ட, தகரத்தில் நான்கு மாடல். முதலாளி கோதண்டம் அண்ணன் அதை என் பொறுப்பில் விட்டார். தேறினால் நான் சூப்பர்வைசர், இல்லாவிட்டால் பழையபடி பேக்கிங்.

எங்கள் பட்டறை வழக்கம் உங்களுக்குத் தெரியும். முதலில் மரப்பெட்டி வந்து இறங்கும், பிறகுதான் சாமானை வெட்டுவோம். நான்கு பெட்டியும் ஒரே அளவு. நாங்களும் நான்கு எஞ்சினையும் பெட்டி நீளத்துக்கே வெட்டி, பெயிண்டும் அடித்துவிட்டோம். கண்காட்சி நடத்தும் சந்திரம்மாள் மேடம் பார்த்ததும், “இன்னாம்மா இது, பாட்டனும் பேரனும் ஒரே சைஸ்ல கீறாங்க?” என்று கேட்டார். எனக்கு மானம் போயிற்று. ஒரு வாரம் தவணை கேட்டு வாங்கினேன்.

கல்யாணமான புதிதில் என்னை ஷெட்டுக்குக் கூட்டிப்போய், சோறு தண்ணி இல்லாமல் எஞ்சின் முன்னால் நிறுத்திப் பேசினீர்களே, அன்றைக்கு வந்த கோபம் இன்னும் இருக்கிறது. ஆனால் அந்தப் பேச்சுதான் கைகொடுத்தது. பழைய எஞ்சினுக்கு ஒல்லி பாய்லர், நெட்டைப் புகைபோக்கி. கரி எரியும் நெருப்புப் பெட்டி சக்கரங்களுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும். சுமை கூடியபோது சிலிண்டரை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தார்கள். நெருப்பு அதே அளவு, ஏற்றத்தில் ஆவி போதாமல் வண்டி நின்றுபோகும். அப்புறம்தான் நெருப்புப் பெட்டியைப் பெரிய சக்கரங்களுக்குப் பின்னால் தள்ளி அகலமாக்கி, அதைத் தாங்க ஒரு ஜோடி சின்னச் சக்கரம் கொடுத்தார்கள். பாய்லர் பருத்தது. பாலத்தடியில் நுழைய வேண்டுமே, புகைபோக்கி குட்டையாகிவிட்டது.

இதையெல்லாம் நினைத்து, ஒரு தகர ஆளை வெட்டினேன். அவனையே நான்கு எஞ்சின் பக்கத்திலும் நிறுத்தி, அவன் உயரத்தை வைத்தே எல்லா அளவும் எடுத்து, நான்கையும் மறுபடி வெட்டினோம். முதல் எஞ்சினின் புகைபோக்கி அவனைவிட மேலே எங்கேயோ நின்றது. நான்காவதின் பாய்லர் முன்னால் அவன் பொடியன். அந்த நான்காவது எஞ்சின் பெட்டியில் நுழையவில்லை. “பொட்டிய இன்னா பண்றது?” என்று அண்ணன் கத்தினார். பலகையைக் கழற்றிப் பெட்டியை நீட்டுங்கள், எஞ்சினில் ஒரு இழை குறைக்க மாட்டேன் என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. நேற்று மேடம் வந்து பார்த்து எடுத்துக்கொண்டு போனார். நாளை முதல் நான் சூப்பர்வைசர்.

இப்போது உங்களுக்குப் பதில். நான் வேலையை விடமாட்டேன். கோபத்தில் எழுதவில்லை, நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன். உங்கள் ஒற்றை அறைக் குவார்ட்டர்ஸுக்குத் தகுந்தபடி என்னை வெட்டாதீர்கள். செங்கல்பட்டுப் பக்கம் மாற்றல் கேட்டு எழுதிப் போடுங்கள். நீராவி எஞ்சினை விட்டு டீசலுக்குப் போகப் புதிதாகப் படிக்க வேண்டும் என்று தயங்குகிறீர்கள், எனக்குத் தெரியும். ராத்திரி உட்கார்ந்து படியுங்கள், பக்கத்தில் நான் இருக்கிறேன். அத்தையும் இதையேதான் சொல்லச் சொன்னார்கள்.

தகர ஆளின் கழுத்தில், நீங்கள் கட்டும் சிவப்புக் கைக்குட்டையைப் பெயிண்டில் தீட்டிவிட்டேன். நேற்று அவனையும் பெட்டியில் வைத்து ஆணி அடித்தபோது என்னால் பார்க்க முடியவில்லை, வெளியே போய்விட்டேன்.

கர்த்தர் உங்களை மலையிலும் சுரங்கத்திலும் காப்பாராக. மாற்றல் மனுவை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.

உங்கள்,
மெர்சி