காலண்டர் தாளைத் திருப்பிப் பார்த்த ஜட்ஜம்மா

செவிலிமேடு, காஞ்சிபுரம்
வெள்ளிக்கிழமை காலை

சிம்மு கண்ணு, ஜெயிச்சிட்டேன்டி, கேஸை இல்லை, கேஸ் நடுவில் என் கழுத்தைப் பிடித்த ஒரு உத்தரவை, மூடின சாட்சியத்தை ஜட்ஜம்மா மறுபடி திறந்துவிட்டார், உன் அம்மா தானே எழுதி தானே பேசி வாங்கியது!

முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்று தெரியும், கை முந்திக்கொண்டது. நாங்கள் இரண்டு பேரும் சுகம், அப்பாவின் ஷேர் ஆட்டோவும் சுகம், நீ அந்த மஸ்கட் வெயிலில் டியூட்டி முடித்து வேளைக்குச் சாப்பிட்டு சுகமாக இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். வாய்ஸ் மெசேஜ் போட்டிருப்பேன், ஆனால் நீ அதை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிக் கேட்பாய், என் வெற்றி வாத்துக் கத்துவது மாதிரி கேட்கும், அதனால்தான் உட்கார்ந்து டைப் அடிக்கிறேன். உன் ரூமில் இருக்கும் கோட்டயத்துப் பெண்ணுக்கும் சொல்ல வேண்டும், ஆதலால் ஆரம்பத்திலிருந்து எழுதுகிறேன், தெரிந்த இடம் வந்தால் தாண்டிப் போகாதே.

அந்தப் பட்டுக் கடையில் பதினோரு வருஷம் புடவை மடித்தேன். காலை ஒன்பதரைக்கு நின்றால் ராத்திரி எட்டரை வரைக்கும் நிற்பதுதான், கல்யாணக் கூட்டம் முப்பது புடவை பிரித்துப் போட்டு ஒன்று எடுத்துப் போவார்கள், மீதி இருபத்தொன்பதையும் ஜரிகை உடையாமல் பழைய மடிப்பிலேயே மடித்து வைக்க வேண்டும். கால் நரம்பு கொடி மாதிரி சுருண்டதை நீயே பார்த்திருக்கிறாய். அப்போதுதான் யூடியூபில் சட்டம் சொல்லித் தரும் வக்கீல் அகிலா மேடம் வீடியோ கண்ணில் பட்டது, கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று நம் தமிழ்நாட்டுச் சட்டத்திலேயே இருக்குது என்று சொன்னார். நான் போனை அப்படியே மேனேஜர் லோகேஸ்வரன் மூக்குக்கு நேராக நீட்டி, சார் ஒரே ஒரு ஸ்டூல் போடுங்க சார், மாத்தி மாத்தி உக்காந்துக்கறோம் என்றேன். மறுநாள் வர வேண்டாம் என்றார்கள். ஒரு துண்டுக் கடிதம் கிடையாது. கோர்ட்டுக்குப் போனால் அவர்கள் எழுதிக் கொடுத்த பதில் என்ன தெரியுமா, அம்சவேணி எங்கள் ஊழியரே இல்லை, தீபாவளி சீசனில் மட்டும் கூடமாட வந்து போனவர் என்று. பதினோரு வருஷம்டி! எனக்கு அந்த வேலை திரும்ப வேண்டும், நான் அங்கே வேலை செய்தவள் என்று எழுத்தில் வேண்டும், இந்த இரண்டுக்கும் சாட்சி வேண்டும். நீலாம்பாள் அக்கா மாதிரி என்னோடு மடித்தவர்கள் வாயைத் திறந்தால் அவர்கள் வேலையும் போகும். மிச்சம் இருந்தது பிள்ளையார்பாளையத்து நமச்சிவாயம் அண்ணன் ஒருத்தர்தான். மாதம் இரண்டு தடவை தறியிலிருந்து இறக்கிய புடவையை அந்தக் கடைக்குக் கொண்டு வருவார், ஆடியானாலும் மார்கழியானாலும் அவர் கையிலிருந்து வாங்கிப் பிரித்துப் பார்த்தது நான்தான். இந்தச் சித்திரைக்கு அப்புறம் அவர் நெசவாளர் சொசைட்டிக்கு நெய்யப் போய்விட்டார், கடைக்குப் பயப்பட வேண்டியதில்லை.

இனிமேல்தான் நான் உன்னிடம் மறைத்த பாகம். போன மாதம் அண்ணனின் சாட்சிக்குப் புதன்கிழமை தேதி போட்டார்கள். வீட்டுக்கு வந்து காலண்டரைப் பார்த்தால் அமாவாசை! துள்ளிக் குதித்தேன், அன்றைக்கு ஊரில் தறி ஓடாது, அண்ணனுக்கு ஒரு நாள் வேலை கெடாது. உடனே போன் போட்டு, அண்ணே அமாவாசை அன்னிக்குக் கோர்ட்டு, பத்து மணிக்கு வந்துடுங்க என்றேன். அவரும், அதுக்கென்னம்மா, அன்னிக்கு நான் சும்மாதான் இருப்பேன், சட்டைய இஸ்திரி போட்டுக்கினு வந்துடறேன் என்றார். இரண்டு பேரும் கிழமையும் சொல்லவில்லை, தேதியும் சொல்லவில்லை. பட்டு வேலையில் யார் சொல்கிறார்கள், பாவு நூல் வாங்குவதும் புடவை கொடுப்பதும் அமாவாசைக்கு முன்னே, அமாவாசைக்குப் பின்னே என்றுதானே பேச்சு. நம் வீட்டில் தொங்குவது அப்பா வாலாஜாபாத் அரிசி மில்லில் வாங்கி வந்த காலண்டர், புதன் மத்தியானமே அமாவாசை பிறக்கிறது என்று புதன்கிழமைக் கட்டத்தில் கறுப்புப் பொட்டு போட்டிருந்தது. தறிக்காரர்களுக்கோ சூரியன் உதிக்கும்போது எந்தத் திதியோ அதுதான் கணக்கு, அவர்களுக்கு அமாவாசை வியாழன்!

புதன்கிழமை நான் கோர்ட்டில் தனியாக நிற்கிறேன், அண்ணன் தறியில் உட்கார்ந்திருக்கிறார், நாடா ஓடும் சத்தத்தில் போன் அடித்தது காதில் விழவில்லை. இரண்டு தடவை கூப்பிட்டார்கள், சாட்சி இல்லை, மனுதாரர் தரப்பு சாட்சியம் முடிக்கப்பட்டது என்று எழுதிவிட்டார்கள். எனக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை, சரிங்கம்மா என்று தலையை வேறு ஆட்டிவிட்டு வந்தேன். மறுநாள் காலை பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது போன், அம்சா, நான் கோர்ட்டு வாசல்ல நிக்கறேன், நீ எங்கம்மா கீற என்று கேட்கிறார் அண்ணன். அண்ணே அது நேத்துண்ணே என்றேன். நேத்து ஏதும்மா அமாவாசை, நேத்து ரெண்டு முழம் நெய்ஞ்சேனே என்றார். சிரிப்பதா அழுவதா தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் அகிலா மேடம் சேனலை முதல் வீடியோவிலிருந்து பார்க்க ஆரம்பித்தேன், நாற்பத்தாறு வீடியோ சிம்மு, ஆட்டோவில் போகும்போதும் பார்த்தேன், குக்கர் விசிலுக்கு நடுவிலும் பார்த்தேன். அதில் மேடம் சொல்கிறார், தீர்ப்பு வேற, வழியில போடுற உத்தரவு வேற, வழியில போட்டதை அதே ஜட்ஜ் கிட்டயே போய் இன்னொரு தடவை பாருங்கன்னு கேக்கலாம், ஆனா அழுதா வேலைக்காகாது, காரணத்தைக் கையில கொண்டு போங்க என்று. அந்த இடத்தை மூன்று தடவை ஓட்டிக் கேட்டேன். கீழே கமெண்டில் முழுக் கதையையும் எழுதினேன், மேடம் இதயம் போட்டார்! அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினால், இதயம் போட்டாங்களே, வந்து வாதாடுவாங்களா என்று பதில் போடுகிறார் உன் டேனியல் அப்பா. ஆனால் மனுவை நான் போனில் அடிக்க அடிக்க, உட்கார்ந்து ஒற்றுப் பிழை பார்த்துத் திருத்தியது அவர்தான். மூடின சாட்சியத்தைத் திறக்கச் சொல்லி ஒரு மனு, நடந்தது இதுதான் என்று சத்தியம் செய்து ஒரு பிரமாணப் பத்திரம், கடைத் தரப்பு வக்கீலுக்கு ஒரு நகல், எல்லாம் நானே. வக்கீலம்மா காபி கொண்டா என்று அப்பா ஒரு வாரமாகக் கிண்டல்.

நேற்று விசாரணை. நான் அந்த மாம்பழக் கலர் புடவை கட்டிக்கொண்டு போனேன், அண்ணனும் கூட வந்தார். கடைத் தரப்பு வக்கீல் எழுந்து, கோர்ட் தேதிக்குப் பஞ்சாங்கமா பார்ப்பாங்க, இதெல்லாம் இழுத்தடிக்கிற வேலை, இவங்க தரப்பு முடிஞ்சது முடிஞ்சதுதான் என்றார். ஜட்ஜம்மா என்னைப் பார்த்து, நான் போட்ட உத்தரவை நானே ஏம்மா மாத்தணும் என்று கேட்டார். நான் சொன்னேன், உங்க உத்தரவு தப்புன்னு நான் சொல்லலைங்கம்மா, அன்னிக்கு சாட்சி வரலை, அது நெஜம், ஏன் வரலைன்றதை மட்டும் ஒரு தடவை பாருங்க என்று. சொல்லிவிட்டு அண்ணனின் காலண்டர் தாளை நீட்டினேன். அண்ணனுக்கு ஒரு பழக்கம், தினமும் காலையில் காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழிப்பார், ஆனால் வெளி வேலை இருக்கும் நாளின் தாளை அன்றைக்கே கிழித்து, பின்பக்கம் வேலையை எழுதிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அந்த வியாழக்கிழமைத் தாள் இஸ்திரி போட்ட சட்டைப் பையிலேயே இருந்தது. முன்பக்கம் வியாழன், அமாவாசை. பின்பக்கம் அவர் கையெழுத்தில், கோர்ட்டு, அம்சா சாட்சி, பத்து மணி.

ஜட்ஜம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நடுவில் என்னை நிமிர்ந்து பார்த்து, ஏன் நின்னுக்கிட்டே இருக்கீங்க, அங்க பெஞ்ச் இருக்கே, உக்காருங்கம்மா, படிச்சிட்டுக் கூப்பிடறேன் என்றார். சிம்மு, ஸ்டூல் கேட்டு வேலை போனவளைப் பார்த்து ஒரு ஜட்ஜ் உட்காரச் சொல்கிறார்! உட்கார்ந்தேன், நன்றாகச் சாய்ந்தே உட்கார்ந்தேன். அப்புறம் தாளைக் கடை வக்கீலிடம் கொடுத்து, மேல அச்சடிச்சிருக்கறதை வாய்விட்டுப் படிங்க என்றார். அவர் படித்தார் பார், படிக்கும்போதே குரல் இறங்கிப் போனது. அது அந்தப் பட்டுக் கடையின் காலண்டர்! பொங்கலுக்குத் தங்களுக்கு நெய்கிறவர்களுக்கெல்லாம் கொடுத்தார்களே, அது. கடை பேர், போன் நம்பர், அதற்குக் கீழே அமாவாசை, இன்று நெசவாளரிடம் புடவை வாங்கப்படாது என்று அவர்களே அடித்திருக்கிறார்கள். உங்க கட்சிக்காரரே வியாழன்னு சொல்றாரே என்றார் ஜட்ஜம்மா, அவ்வளவுதான், ஹால் முழுக்கச் சிரிப்பு, டவாலிகூடத் திரும்பி நின்று சிரித்தார். மனு ஏற்கப்பட்டது, சாட்சியம் திறக்கப்படுகிறது, வருகிற இருபத்து மூன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை ஒரே வாய்ப்பு, அன்றும் சாட்சி வராவிட்டால் மறுபடி கேட்கக் கூடாது. வெளியே வந்ததும் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, அது அமாவாசைக்கு முன்னயா பின்னயாம்மா என்று! அண்ணே உங்க காலடியில விழறேன், இருபத்து மூணு, செவ்வாய், அவ்வளவுதான் என்றேன். அப்பா அன்றைக்கு வாலாஜாபாத் சவாரியை விட்டுவிட்டு எட்டு மணிக்கே அவர் வீட்டு வாசலில் ஆட்டோவை நிறுத்தப் போகிறார்.

நீ தலைக்கு எண்ணெய் வைக்காமல் இருக்காதே, அந்த ஊர்த் தண்ணீருக்கு முடி கொட்டும். டியூட்டியில் யாராவது உட்காரக் கூடாது என்றால் எனக்கு உடனே போன் போடு, அந்த ஊர்ச் சட்டத்தையும் பார்த்துவிடுவோம். நம் ஏகாம்பரநாதரும் அப்பா கும்பிடும் மாதாவும் ஒன்றாகச் சேர்ந்து உன்னைக் காக்கட்டும், நல்ல மனசும் நோயில்லாத உடம்புமாக நூறு வருஷம் இரு.

ஒரே ஒரு வேலை செய்ய வேண்டும் நீ. ப்ளஸ் டூ லீவில் அந்தக் கடையில் ஒரு மாதம் நின்றாயே, அப்போது மடிப்பு அக்காக்கள் வாட்ஸ்அப் குரூப்பில் உன்னைச் சேர்த்தார்கள், வேலை போனதும் பயந்துபோய் என்னை எடுத்துவிட்டார்கள், உன்னை எடுக்க மறந்துவிட்டார்கள். அதில் இதைப் போடு, இருபத்து மூன்று, செவ்வாய், காலை பத்து மணி என்று தேதி போட்டே எழுது, அமாவாசை என்ற பேச்சே வரக் கூடாது. யாரும் சாட்சி சொல்ல வேண்டாம், வாயே திறக்க வேண்டாம், லீவு இருக்கிறவர்கள் சும்மா வந்தால் போதும். அங்கே நிற்க வேண்டியதில்லை, நீளமான பெஞ்ச் இருக்குது, எல்லாரும் உட்கார்ந்தே பார்க்கலாம் என்று போடு. நீலாம்பாள் அக்காவுக்குத் தனியாகவும் போடு, என் பக்கத்து இடம் அவளுக்கு.

உன் அம்மா,
அம்சவேணி டேனியல்
(மனுதாரர், தானே ஆஜர்)