அப்பாவின் நாற்காலியில் நீ வைத்த மெஷின்

பொன்மலை, திருச்சி
செப்டம்பர் 2

அன்பு மகன் ஜெஸ்வினுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் துணையில் நீ ஆக்லாந்தில் நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்று அடுத்த வரியில் எழுத வேண்டும், உடம்பளவில் அது உண்மைதான், மாத்திரை வேளாவேளைக்குப் போகிறது, அப்பாவுக்கு பிரஷர் நூற்று முப்பதில் நிற்கிறது. எனக்குத்தான் பதினைந்து நாளாகச் சோறு இறங்கவில்லை, அதற்குக் காரணம் நீ. போனில் சொல்லியிருக்கலாம். சொல்ல ஆரம்பித்தால் நீ நடுவில் புகுந்து அம்மா அம்மா ஒரு நிமிஷம் என்று எதையாவது பேசிச் சிரிக்க வைத்துவிடுவாய், நானும் கோபத்தை விட்டுவிட்டு சாப்பிட்டாயா என்று கேட்டு வைப்பேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுவதும் படி. பாதியில் நிறுத்திவிட்டு எனக்குக் கூப்பிடாதே.

போன நவம்பரில் அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்தபோது நீ லீவு போட்டு ஓடி வந்தாய், பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் விரித்துப் படுத்தாய், அதை நான் மறக்கவில்லை. ஆனால் நீ திரும்பிப் போன பிறகு நடந்ததெல்லாம் உனக்கு வீடியோ காலில் பார்த்ததுதான். ஜனவரியிலிருந்து வாரம் இரண்டு நாள் பஸ் மாறி ஸ்ரீரங்கத்துக்குப் போனோம், அங்கே ப்ரீத்தி என்கிற பெண் பிசியோதெரபி பார்க்கிறாள். இடது காலை எடுத்து வைக்கச் சொன்னால் அது தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது. ஒரு நாள் அந்தப் பெண் தன் போனில் மெட்ரோநோம் என்று ஒன்றைப் போட்டாள், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, டிக் டிக் என்று ஒரே சீராக அடிக்கும், வேகத்தைக் கூட்டலாம் குறைக்கலாம். சார் காலைப் பாக்காதீங்க, சத்தத்தை மட்டும் கேளுங்க, ஒரு டிக்குக்கு ஒரு கால் வைங்க போதும் என்றாள். அன்றைக்கு அந்த ஹாலில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் என் கையைப் பிடிக்காமல் நடந்தார். திரும்பி வரும்போது காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது, வெளியே பார்த்துக்கொண்டே, ரோசரி, கால் கேக்குதுன்னா கையும் கேக்கும்ல என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் பரண் மேல் இருந்த தபேலாவை இறக்கச் சொன்னபோதுதான் புரிந்தது.

இருபத்தெட்டு வருஷம் நம் கோவில் பாடகர் குழுவில் வாசித்த மனுஷன். ஒர்க் ஷாப்பில் ஷிப்ட் முடிந்து கையில் கிரீஸ் வாடை போகாமல் பிராக்டிஸுக்குப் போவார், நீயும் பின்னாலேயே கீபோர்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவாய். இப்போது சம்மணம் போட முடியாது, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எதிரே ஸ்டூலில் தபேலாவை வைத்து, போனில் நிமிஷத்துக்கு நாற்பது டிக் என்று வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். ஒரு டிக்குக்கு வலது கை, அடுத்த டிக்குக்கு இடது கை, அவ்வளவுதான் பாடம். வலது கை டிக்கோடு சேர்ந்து விழும், இடது கை டிக் முடிந்து ஒரு மூச்சு கழித்துத் தொப்பென்று விழும். தொடர்ந்து பத்து தடவை சரியாக வந்தால் இரண்டு கூட்டுவார், ஒன்பதாவது தடவை தப்பினால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுவார். அன்றன்றைக்கு எட்டிய வேகத்தைத் தினசரி காலண்டர் தாளில் எழுதிக் கிழிக்காமல் வைத்தார். காலையில் காபி குடித்ததும் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த டிக் சத்தத்தைக் கேட்டாலே எனக்கு மண்டையில் ஆணி இறங்குகிற மாதிரி இருந்தது, மார்ச் மாதம் ஒரு நாள் தாங்காமல் போதும் நிறுத்துங்க, இதெல்லாம் இனிமே வராது என்று அவர் முகத்துக்கு நேராகவே கத்திவிட்டேன். அவரும் திருப்பிக் கத்தினார், வராதுன்னு சொல்ல நீ யாரு என்றார். இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அது சண்டை, ஜெஸ்வின். எதிரெதிரே நின்று போட்ட சண்டை.

ஜூன் வாக்கில் இன்னொன்று கண்டுபிடித்தார். டிக் சத்தத்தை நாலில் ஒன்றாகக் குறைத்து வைத்துவிட்டு நடுவில் உள்ள மூன்றையும் தானே மனசுக்குள் அடித்துக்கொண்டு அடுத்த டிக்கில் போய்ச் சேர வேண்டும். ஒரு முடி அளவு பிந்தினாலும் சே என்று தொடையில் அடித்துக்கொள்வார். பூசையில் எல்லாரும் சேர்ந்து பாடுகிற அந்த வானவர் கீதத்துக்கு, குழுவை நடத்துகிற அல்போன்சா டீச்சர் எடுக்கிற வேகம் தொண்ணூற்றாறு, கோவில் யூடியூபில் கிடக்கும் பழைய பூசைகளைப் போட்டு அதையும் அளந்து வைத்திருந்தார். ஜூலை கடைசியில் தொண்ணூற்றாறில் மூன்று நாள் சேர்ந்தாற்போல் தப்பாமல் வாசித்தார். டீச்சரிடம் போய்ச் சொன்னார், அவரும் சந்தோஷமாக வாங்க சார் என்றார். ஆகஸ்ட் மூன்றாம் தேதி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனார்.

கோவிலில் டிக் சத்தம் கிடையாது. இருபது பேர் பாடுகிறார்கள், கூட வந்த ஜனமும் பாடுகிறது, உற்சாகத்தில் எல்லாரும் கொஞ்சம் ஓடுவார்கள், அப்பாவின் இடது கையால் அந்த ஓட்டத்தைப் பிடிக்க முடியவில்லை. வானவர் கீதத்தில் ஒரு வரி தடுமாறிப் போனது, டீச்சர் கையைத் தூக்கி அடுத்த வரியில் சேர்த்துவிட்டார். மொத்தம் பத்து விநாடி இருக்கும். ஆட்டோவில் வரும்போது அப்பா அழவில்லை, இடிந்து போகவில்லை, தனியா அடிக்கிறது வேற கூட்டத்தோட அடிக்கிறது வேற ரோசரி, பதினஞ்சு நாள்ல சரி பண்ணிடுவேன் என்றார். அன்று சாயங்காலம் நீ கூப்பிட்டாய். லைவ் பார்த்தேன் சூப்பர்ப்பா, பழைய மாதிரியே இருக்கு என்றாய். அவர் உன்னைக் கேட்டார், கீதத்துல ஒரு எடத்துல விழுந்துச்சே, உனக்குத் தெரிஞ்சுதா என்று. எங்கப்பா, எனக்கு ஒண்ணும் தெரியலையே என்றாய் நீ. பத்து வருஷம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கீபோர்டு வாசித்தவன், கரண்ட் போய் மின்விசிறி நிற்கிற சத்தத்திலேயே சுருதி கண்டுபிடிக்கிறவன், உனக்குத் தெரியவில்லையாம். போனை வைத்ததும் அதே கையோடு அல்போன்சா டீச்சருக்குக் கூப்பிட்டிருக்கிறாய்.

அது எங்களுக்குத் தெரியாது. வியாழக்கிழமை டீச்சர் போன் செய்து, சார் கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க, மாதா திருநாள் முடியட்டும் பாத்துக்கலாம் என்றார். சரிங்க டீச்சர் என்று மட்டும் சொல்லிவிட்டு அப்பா தபேலாவுக்கு உறை போட்டு மூடினார். அதோடு போனில் அந்த மெட்ரோநோமையும் தொடவில்லை. தபேலாவுக்கு மட்டும் என்றில்லை, நடக்கிறதுக்கும்தான். ஸ்ரீரங்கம் போகலாம் என்றால் அடுத்த வாரம் அடுத்த வாரம் என்றார். பத்தே நாளில் கால் மறுபடி தரையைத் தேய்க்க ஆரம்பித்தது, குளியலறை வாசலில் தடுக்கி என் மேல் சாய்ந்தார். எனக்கு என்னவென்று புரியாமல் ஃபாதரிடம் ஜெபம் பண்ணச் சொன்னேன்.

நடுவில் பன்னிரண்டாம் தேதி ஒரு கூரியர்காரர் என் நம்பருக்குக் கூப்பிட்டு, அம்மா ஓ.டி.பி. வந்திருக்கும் சொல்லுங்க என்றார். யாரோ ஏமாற்றுக்காரன் என்று நினைத்து நான் கன்னாபின்னாவென்று திட்டினேன். அவர் பொறுமையாக, ஜெஸ்வின்னு ஒருத்தர் ஆர்டர் போட்டிருக்காரும்மா, சுப்ரமணியபுரத்துல அல்போன்சா டீச்சர் வீட்டு அட்ரஸ், உங்க நம்பரைத்தான் குடுத்திருக்காரு என்றார். உன் கணக்கில் என் நம்பர் இருப்பதையே மறந்துவிட்டாய் போலிருக்கிறது. குழுவுக்கு என் பிள்ளை ஏதோ வாங்கி அனுப்பியிருக்கிறான் என்று எனக்கு அவ்வளவு பெருமை, நீ சொல்லாமல் செய்கிறாய் என்றால் ரகசியமாக இருக்கட்டும் என்று நானும் வாயைத் திறக்கவில்லை. நம்பரைப் படித்துச் சொன்னது நான்தான்.

பதினேழாம் தேதி பூசைக்குப் போனோம். அப்பா உட்காரும் நாற்காலியில் ஒரு கறுப்பு ரிதம் மெஷின் இருந்தது. பட்டனைத் தட்டினால் தபேலா சத்தம் வருகிறது, பிசகாத தாளம். பூசை முடிவில் ஃபாதர், பெயர் சொல்ல விரும்பாத ஒரு நல்ல உள்ளம் இதைக் கொடுத்திருக்கிறது என்று நன்றி சொன்னார், எல்லாரும் கை தட்டினார்கள். அப்பாவும் தட்டினார். இடது கையைத் தூக்காமல் மடியிலேயே போட்டு, அதன் மேல் வலது கையால் தட்டினார். சுத்தமா இருக்கு தாளம் என்று என்னிடம் சொன்னார். நான் அப்பாவை ஆட்டோவில் உட்கார வைத்துவிட்டுத் திரும்பிப் போய் டீச்சரை மறித்தேன். அக்கா, ஜெஸ்வின் போன்ல அழுதுட்டான்க்கா, எங்கப்பாவை ஊரே பாத்து உச்சுக்கொட்டுறத என்னால பாக்க முடியல, எப்படியாவது நிறுத்திடுங்க, நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாதீங்கன்னு சத்தியம் வாங்கிட்டான், எனக்கும் சாரை நேரா பாத்து சொல்ற தைரியம் இல்ல, ஒத்துக்கிட்டேன் என்றார்.

நீ அழுதாய் என்று கேட்டதும் எனக்கு மனசு இளகும் என்று டீச்சர் நினைத்தார். இளகியது, அரை நிமிஷம். பிறகு முன்னைவிடக் கோபம் வந்தது. யார் உச்சுக்கொட்டினார்கள்? நான் அங்கேதான் நின்றேன். ஒரு வரி தடுமாறியது, ஜனம் அடுத்த வரியைப் பாடியது, வெளியே வந்து அண்ணே திரும்ப வந்துட்டீங்களே என்று கையைப் பிடித்தார்கள். கஷ்டமாக இருந்தது உனக்கு. கடல் தாண்டி உட்கார்ந்து ஒரு சின்னத் திரையில் பார்த்த உனக்கு. உன் கஷ்டம் தீர்வதற்கு ஏழு மாசம் நாற்பதிலிருந்து தொண்ணூற்றாறு வரை ஒவ்வொரு படியாக ஏறின மனுஷனைப் பின்னாலிருந்து பிடித்துத் தள்ளிவிட்டாய், தள்ளினது யார் என்று தெரியாமல் அவர் தன் கை மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறைக்கலாமா என்று யோசித்தேன். மறைத்தால் நானும் உன்னோடு சேர்ந்தவள் ஆகிவிடுவேன். அன்று மத்தியானமே எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சாப்பிட்டு முடித்தார், கை கழுவினார், போனை எடுத்து டீச்சருக்குக் கூப்பிட்டார். டீச்சர், சனிக்கிழமை பிராக்டிஸுக்கு வரேன், இருபது பேர் முன்னால வாசிக்கறேன், தேறலைன்னா தேறலைன்னு என் மூஞ்சியைப் பாத்து சொல்லுங்க, ரெஸ்ட் எடுங்கன்னு சொல்லாதீங்க, முப்பத்து நாலு வருஷம் ஃபிட்டரா இருந்தவன், அளவு சரியில்லாத சாமானை சரியில்லைன்னுதான் சொல்லிப் பழக்கம் என்றார். ஸ்ட்ரோக் வந்த பிறகு அவர் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை. நடுவில் விட்ட பத்து நாளில் வேகம் எண்பதுக்கு இறங்கியிருந்தது. அந்த ஆறு நாளும் வீட்டில் டிக் டிக்தான், நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் வாசித்தார். காணிக்கைப் பாட்டு, திருவிருந்துப் பாட்டு இரண்டும் நிதானமானவை, நன்றாகவே வந்தன, எனக்கே தெரிந்தது. வானவர் கீதத்தில் இரண்டு இடத்தில் விழுந்தார். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சார், அந்த ரெண்டு பாட்டும் நீங்க வாசிங்க, கீதம் இப்போதைக்கு முடியாது சார், இடது கை லேட்டாகுது என்றார். எவ்வளவு லேட்டு என்று கேட்டார் அப்பா. ஒரு டிக்குல கால்வாசி இருக்கும் சார் என்றார் அவர். சரி, அது சரியாகற வரைக்கும் கீதத்துக்கு மெஷினே போடுங்க என்றார் அப்பா. வீட்டுக்கு ஆட்டோ வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சட்டைப் பையில் போனை டிக் அடிக்க விட்டு நடந்தே வந்தார். வருகிற எட்டாம் தேதி மாதா திருநாளுக்கு இரண்டு பாட்டு வாசிக்கிறார். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது திருநாள் முடிந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மூன்று ஞாயிறாக நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பா தூங்குகிறார் என்றேனே, அது பொய். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். உன் குரலைக் கேட்டுக்கொண்டு, வேண்டாம் என்று எனக்குக் கையைக் காட்டிக்கொண்டு. நேற்று முன்தினம் நீ, அப்பா ஏன் எப்பவும் தூங்குறாரு, டாக்டர்ட்ட காட்டும்மா என்று கவலைப்பட்டாயே, அப்போது எழுந்து பின்பக்கம் போய்விட்டார். இனி அந்தப் பொய்யை நான் சொல்ல மாட்டேன். என் நம்பருக்குக் கூப்பிட்டு என்னிடம் மன்னிப்புக் கேட்காதே, எனக்குத் தேவையில்லை. அவர் நம்பருக்குக் கூப்பிடு. எடுக்க மாட்டார், மறுபடி கூப்பிடு, எடுக்கிற வரைக்கும் கூப்பிடு. எடுத்ததும் சாரிப்பா என்று ஆரம்பிக்காதே. ஆகஸ்ட் மூன்றாம் தேதி எந்த வரியில் விழுந்தார், எவ்வளவு விழுந்தார், உன் காதில் என்ன கேட்டதோ அதை அப்படியே சொல்லு. அவர் உன்னைக் கேட்டது அதைத்தான்.

மணப்பாறை முறுக்கு உனக்கென்று வாங்கி வைத்திருந்தேன், கோபத்தில் பார்சல் போடவில்லை, நாங்களே தின்றுவிட்டோம். அங்கே குளிர் விட்டுவிட்டதா, இன்னும் இருந்தால் காதை மூடிக்கொண்டு வெளியே போ, உனக்குச் சளி காதில்தான் இறங்கும். வேலைக்கு நேரத்தோடு போ, ஞாயிறு பூசையை விடாதே. மாதா உன்னைக் கைவிடாமல் காக்கட்டும், உனக்கு நல்ல புத்தியையும் நீண்ட ஆயுசையும் கொடுக்கட்டும். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், அப்பா நிஜமாகவே தூங்குவது நம் நேரம் மத்தியானம் இரண்டிலிருந்து மூன்றரை வரைக்கும்தான், அப்போது மட்டும் கூப்பிட்டு எழுப்பிவிடாதே.

இன்னும் கோபம் ஆறாத உன் அம்மா,
ரோசரி இருதயநாதன்