இரண்டாம் ஓலை

திண்டுக்கல்
16.6.1998

அன்பு மகள் வினோலியாவுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் தயவில் நானும் அப்பாவும் சுகம். டெல்லி வெயிலில் ஆஸ்பத்திரிக்கும் ஹாஸ்டலுக்கும் அலைகிற உனக்கும் அந்தத் தாயே துணையாக இருக்கட்டும். இங்கே ஒரு மழை பெய்தது, சாணார்பட்டித் தோட்டத்துக் கிணறு இன்னும் ஊறவில்லை. அப்பாவின் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது.

நீ போனில் அழுதது என் காதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. கொடைரோட்டு வாத்தியார் பிராங்கிளினுக்கு உன்னைக் கொடுப்பதாக அப்பா வாக்குக் கொடுத்து, உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் பங்குச் சாமியாரிடம் பேரையும் கொடுத்து, கோயிலில் முதல் கல்யாண ஓலையும் வாசித்தாகிவிட்டது. ஓலை வாசித்த பிறகு எந்தப் பெண் மறுத்துப் பேசுவாள் என்பது அவர் கணக்கு. நீயும் அதையேதான் சொன்னாய், எனக்கு மனசே இல்லம்மா, ஆனா ஓலை வாசிச்சாச்சே, இனிமே நான் என்ன சொல்ல என்று. அடி பைத்தியமே, கல்யாண ஓலையை மூன்று ஞாயிறு வாசிப்பது எதற்கு? தடை இருந்தால் சொல்லுங்கள் என்று ஊரைக் கேட்பதற்குத்தானே. அவர்கள் கேட்கிறார்கள், நாம்தான் வாயைத் திறப்பதில்லை.

இந்த ஞாயிறு பூசைக்கு முன்னால் நான் சாமியாரைப் போய்ப் பார்த்தேன். என் மகளுக்குச் சம்மதம் இல்ல சாமி, அதுதான் தடை, ரெண்டாம் ஓலை வாசிக்காதீங்க என்றேன். பையனிடம் குறை உண்டா என்றார். ஒரு குறையும் இல்ல, தங்கமான பிள்ளை, இவளுக்கு மனசு இல்ல, அம்புட்டுத்தான் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு உன் பேரை அடித்துவிட்டார். பூசையில் மற்றவர்கள் பேர் வந்தது, உன் பேர் வரவில்லை. கோயிலே திரும்பி எங்களைப் பார்த்தது. தலையைக் குனிந்த அப்பா வீடு வரும்வரை நிமிரவில்லை. சாயந்திரம் பிராங்கிளினின் அம்மா அல்போன்சா வந்து, எங்க மானம் சந்தி சிரிக்குதே லூர்தம்மா என்று அழுதாள். அவள் அழுததிலும் நியாயம் உண்டு. கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன், ஆனால் பேச்சை மாற்றவில்லை.

நேற்றுத்தான் அப்பா வாய் திறந்தார். ஒன்னய யாரு கேட்டு எனக்குக் கட்டிவச்சாக, நீ நல்லா வாழலையா என்றார். நன்றாகத்தான் வாழ்ந்தேன், அதை நான் மறுக்கவில்லை. என்னயக் கேட்டிருந்தாலும் சரின்னுதான் சொல்லியிருப்பேன், அந்தச் சரியச் சொல்ல ஒருத்தரும் விடலையே என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. இத்தனை வருசமும் அது எனக்குள்ளே கிடந்தது எனக்கே தெரியாது.

மகளே, அப்பா பாசம் இல்லாமல் இதைச் செய்யவில்லை. பாசம் இருக்கும்போது கேட்பது எதற்கு என்று நினைத்துவிட்டார். நாளைக்கு நீ யாரைக் கட்டினாலும், கட்டாமலே இருந்தாலும், அதை உன் வாயால் சொல். ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் இருக்கும் பவுல்ராஜ் வீட்டுக்கு மறக்காமல் போன் போட்டு அப்பாவிடம் நீயே பேசு, கோபம் வேண்டாம். நைட் டியூட்டி என்று பட்டினி கிடக்காதே.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சரி, இப்பக் கேக்குறேன், என்னயக் கட்டிக்க ஒனக்குச் சம்மதமா என்றார். விளையாட்டுக்கு இல்லை, முகம் பார்த்துக் கேட்டார். யோசிச்சுச் சொல்றேன் என்றிருக்கிறேன்.

சேசுவும் மாதாவும் உன்னை ஆசீர்வதித்துக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
அ. லூர்தம்மாள்